பட்டிப் பேச்சு

தெருமுனை வந்ததும் சங்கரபாண்டி இரண்டு தடவை கனைப்பார். மீசையின் இடது நுனிக்கு ஒரு முறுக்கு, வலது நுனிக்கு ஒரு முறுக்கு. முழங்கையில் மாட்டியிருக்கும் பையைக் கழற்றிக் கையில் தொங்கவிட்டுக்கொள்வார். பிறகு காலைக் கொஞ்சம் அகட்டி, செருப்பு தரையில் தேயத் தேய, பஞ்சாயத்துப் பேசக் கிளம்பிய ஆள் மாதிரி நடப்பார். இத்தனை ஏற்பாடும் எந்தக் கோட்டையைப் பிடிக்க என்று கேட்டால், ஒன்பது வீடு தாண்டித் தன் வீட்டுக்குப் போய்ச் சேரத்தான். பையில் அரைக்கிலோ ஆட்டுக்குடல், சின்ன வெங்காயம், இலையில் சுற்றிய இரண்டு முழம் பிச்சிப்பூ. பூ குடலுக்கு அடியில் இருக்கும். நாற்றம் பிடித்தாலும் பரவாயில்லை, யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது.

தொண்ணூற்று நாலாம் வருஷத்திலிருந்து ஏழு வருஷம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதுதான் அவர் வழக்கம்.

வீடு என்றால் பெரிய வீடு இல்லை. கோவில்பட்டியில் ரயில்வே கேட்டைத் தாண்டி, வெயிலம்மாள் என்கிற அம்மாளுடைய வளவில் கடைசி வீடு. ஓர் அறை, ஓர் அடுப்படி. வளவிலிருந்த ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஒரே நீள ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சுவர் கட்டினவன் கூரை வரைக்கும் கட்டாமல் ஒரு முழம் மிச்சம் வைத்துப் போய்விட்டான். பக்கத்து வீட்டில் அப்பளம் பொரித்தால் இங்கே வாசம் வரும் என்பது மட்டுமில்லை, எத்தனை அப்பளம் என்றும் சொல்லிவிடலாம். அந்தப் பக்கத்து வீட்டில்தான் வெயிலம்மாள் தன் மகளோடு இருந்தார். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு வாடகையை நம்பிக் காலம் தள்ளுகிற பொம்பளை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. காதுதான் கொஞ்சம் கூர்மை.

சங்கரபாண்டி உள்ளே வந்து கதவைத் தாழிடுவார். கொக்கியையும் மாட்டுவார். அதோடு விடாமல் டிரங்குப் பெட்டியை இழுத்துக் கதவில் சாய்த்து வைப்பார். அப்புறம்தான் அகட்டி நடந்த கால்கள் ஒன்று சேரும், பை மறுபடியும் முழங்கைக்கு ஏறும், இத்தனை நேரம் தூக்கி நிறுத்தியிருந்த தோள் இறங்கும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் துண்டை மாராப்புப் போல மேலே போட்டுக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்க உட்கார்ந்தார் என்றால், அந்த ஆள் சங்கரபாண்டி இல்லை. அந்த வீட்டுக்குள் அவர் பெயர் கல்யாணசுந்தரி.

வெளியே அவரைத் தெரிந்தவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர் வேலை பார்த்தது ஒரு தீப்பெட்டி ஆபீஸில். அந்த ஊரில் ஒரு காகிதம், ஒரு பைல் இல்லாவிட்டாலும் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். பெண்கள் சட்டங்களில் குச்சி அடுக்கித் தருவார்கள். அதை வாங்கி மருந்தில் முக்கி எடுக்கிறது சங்கரபாண்டியின் வேலை. ஆம்பளை வேலை. விரல் நகமெல்லாம் மருந்து ஏறிச் செங்கல் நிறத்தில் இருக்கும். அவர் உள்ளே நுழைந்தால் கலகலவென்று பேசிக்கொண்டிருக்கிற பெண்கள், "ஏட்டி, அண்ணாச்சி வந்தாச்சு, வாயை மூடுங்கட்டி" என்று ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொள்வார்கள். அவ்வளவு மிடுக்கு. நாற்பது வயது தாண்டியும் கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்கு, ஜாதகத்தில் ஏழாமிடத்துச் செவ்வாய் என்று பதில் வைத்திருந்தார். வேறு எந்தக் கிரகமும் அவருக்கு உதவினதில்லை. அந்தச் செவ்வாய் ஒன்றுதான் கடைசிவரை கூட நின்றது.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல் ஒவ்வொருவராக வருவார்கள். அவர்கள் மூன்றே பேர். முதலில் கடற்கரை என்கிறவர் வருவார். ஓட்டப்பிடாரம் பக்கம், ஆடு மேய்க்கிற குடும்பம். அவர் மேய்ப்பதை விட்டுவிட்டுச் சந்தை சந்தையாக ஆட்டுத் தரகு பார்த்தார். அடுத்து மணியாச்சி ஜங்ஷனில் டீ விற்கிற சீனி. முப்பது வயதிருக்கும், பாசஞ்சர் ரயிலில் ஏறி வருவான். கடைசியில், எப்போதும் கடைசியில்தான், பூவனலிங்கம் வருவார். எப்போதும்வென்றான் என்கிற ஊரில் நிலபுலத்தோடு இருக்கிற சம்சாரி. பெண்டாட்டி பாலம்மாள், இரண்டு பிள்ளைகள். உரம் வாங்க, விதை வாங்க, பம்புசெட்டுக்குச் சாமான் வாங்க என்று ஞாயிறுதோறும் வீட்டில் ஒரு காரணம் சொல்லிவிட்டு பஸ் ஏறுவார். சங்கரபாண்டி வீட்டுக்குள் அவர் பெயர் வனிதா. "பேருன்னா அது பேரு. எங்க ஊர்ல ஒருத்திக்காவது வனிதான்னு பேரு இருக்கா?" என்று அதில் அவருக்கு ஒரு பெருமை.

ஊரில் இப்படிப்பட்டவர்களைப் பற்றி என்னென்னவோ நினைத்துக்கொள்வார்கள். அந்த வீட்டில் நடந்தது என்ன என்று பார்த்தால், ஒன்றுமே இல்லை. ஒருத்தர் வெங்காயம் உரிப்பார், ஒருத்தர் குடலை மஞ்சள் போட்டுக் கழுவுவார். குழம்பில் உப்புக் கூடிப்போச்சு என்று சண்டை வரும். பூவை நாலாகக் கிள்ளிக் காதோரம் சொருகிக்கொண்டு, தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பேசுகிற பேச்சை நாலு மீசைக்காரர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். ஒருத்தரை ஒருத்தர் ஏட்டி என்று கூப்பிடுவார்கள். சாயங்காலம் நாலரை மணிக்குப் பூவை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, அரைமணிக்கு ஒருத்தராகக் கிளம்பிப் போவார்கள்.

சுவருக்கு மேலே அந்த ஒரு முழ இடைவெளி இருக்கிறதே, அதற்காகத்தான் அவர்களுக்குள் ஒரு தனிப் பேச்சு. பெரிய பட்டணங்களில் இவர்களைப் போன்றவர்களுக்கென்று ஒரு பாஷை இருக்கிறதாம். இவர்களைப் போன்றவர்களுக்குக் கோத்தி, இவர்கள் ஆசைப்படுகிற ஆம்பளைக்குப் பந்தி என்று அதில் இரண்டொரு வார்த்தை சீனிக்கு ரயிலில் வந்தவர்கள் மூலம் தெரிந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்? மிச்சத்தை அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். ஆட்டுத் தரகர்களுக்குள் வாங்குகிறவனுக்குப் புரியாமல் பேசிக்கொள்கிற பேச்சு ஒன்று உண்டு. கடற்கரை அதில் பழுத்தவர். அவர் சந்தையிலிருந்து பாதி கொண்டுவந்தார், சங்கரபாண்டி தீப்பெட்டி ஆபீஸிலிருந்து பாதி கொண்டுவந்தார்.

போலீஸ்காரர் என்றால் மருந்து, உரசினால் பற்றிக்கொள்ளும். ஆளைக் கண்டுகொண்டு மிரட்டிப் பிழைக்கிறவன் நரி. புதிதாக ஒருத்தனைப் பார்த்தால் நம்பலாமா என்று கேட்க, "பல்லுப் பார்த்தாச்சா?" என்பார்கள், ஆட்டுக்குப் பார்ப்பதைப்போல. வீட்டார் பிடிவாதமாகக் கல்யாணம் பண்ணி வைத்துவிட்ட ஆள் நமத்த குச்சி. பூவனலிங்கம் தன்னையே அப்படிச் சொல்லிக்கொண்டு சிரிப்பார். வெயிலம்மாளுக்கு, ஆட்டுக்கிடைக்குக் காவல் இருக்கிறவரைப் போல, கிடைக்காவல் என்று பெயர். கிடைக்காவல் முழித்துக்கொண்டிருக்கிறது என்றால் குரலைத் தாழ்த்து என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த ஓரறை வீட்டுக்குப் பட்டி என்று பெயர் வைத்தார்கள். ஆடு அடைகிற பட்டி. உள்ளே வந்து படலைச் சாத்திவிட்டால் அன்றைக்கு நரிக்கு வேலை இல்லை.

"ரயில்ல ஒரு மருந்து ஏறிச்சுட்டி. கூடவே ரெண்டு நரி. நான் அப்படியே அடுத்த பெட்டிக்கு மாறிப் பட்டிக்கு ஓடியாந்துட்டேன்" என்று சீனி சொல்லுவான். நாலு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். ரயிலில் அவன் பட்ட பயம் அந்தச் சிரிப்பில்தான் இறங்கும். அந்தப் பேச்சு இல்லாவிட்டால் அதை யாரிடம் எந்த வார்த்தையில் சொல்லியிருப்பான், பாவம்.

வெயிலம்மாள் ஒருநாள் கேட்டே விட்டார். "ஏன் அண்ணாச்சி, உங்க கூட்டாளிக வந்தா என்னமோ பேசிக்கிடுதிய, அது என்ன பாஷை? தெலுங்கும் இல்லையே?"

சங்கரபாண்டி மீசையைத் தடவிக்கொண்டே, "ஆட்டு யாவாரத்துப் பேச்சும்மா. நாலு பேரும் கூட்டா யாவாரம் பண்ணுதோம். விலை வெளிய தெரிஞ்சிறக் கூடாது பாருங்க" என்றார்.

"அதானே பார்த்தேன்" என்று அவரும் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி சங்கரபாண்டி நாலு தடவை எழுந்து கதவுக் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். அந்த அம்மாள் காதுக்கு உண்மை எட்டினால் வீடு போச்சு. தனியாள் ஆம்பளைக்கு அந்த ஊரில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. இந்த ஓரறையைக் கண்டுபிடிக்கவே அவருக்கு நாலு வருஷம் ஆனது. வீடு போனால் அவர் தெருவில் நிற்கமாட்டார். அண்ணன் தங்கப்பாண்டியன் ஓட்டப்பிடாரத்தில் மாடி வீடு கட்டி வைத்துக்கொண்டு வா, வா என்றுதான் கூப்பிடுகிறார். போனால் கல்யாணசுந்தரிக்கு இருக்க இடமில்லை, அவ்வளவுதான். மற்ற மூன்று பேருக்கும் அப்படித்தான். பூவனலிங்கம் ஒருதரம் சொன்னார்: "எனக்குக் காரை வீடு இருக்கு, பதினெட்டு ஏக்கர் கரிசல் இருக்கு. என்ன இருந்து என்ன ஏட்டி? அங்கன ஒரு நிமிசம் உடம்பைத் தளர்த்தி உக்கார முடியலை. இங்கன வந்தாத்தான் மூச்சு அடிவயித்துக்கு இறங்குது."

அதனால் பட்டியின் சட்டதிட்டங்களில் சங்கரபாண்டி பொல்லாதவர். தெருவில் பார்த்தால் பேசக் கூடாது. பட்டிப் பேச்சில் ஒரு வார்த்தை வாசல்படியைத் தாண்டக் கூடாது. பெண் பெயரை மனசுக்குள்ளேகூட வெளியே வைத்துச் சொல்லக் கூடாது. "நாக்கு பழகிப்போனா அது நம்ம சொல்லு கேக்காதுட்டி. வெளிய போனா ஆம்பளை, அவ்வளவுதான்" என்பார். ஒரு தடவை சீனி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்த சந்தோஷத்தில் ஒரு கையை வளைத்து ஆட்டிவிட்டான். இரண்டு மாதம் அவனைப் பட்டிக்குள் விடவில்லை. அவன் அழுதான். கடற்கரை வந்து கெஞ்சினார். மனுஷன் மசியவில்லையே.

இரண்டாயிரத்து ஒன்றில் ஆடிக்குப் பிறகு பூவனலிங்கம் வருவது நின்றது. மஞ்சள்காமாலை என்றார்கள். அவர் கொஞ்சம் குடிக்கிறவர். பட்டிக்கு வராத நாளில் அதிகம் குடிக்கிறவர். ஆவணி போயிற்று, புரட்டாசி போயிற்று. போய்ப் பார்க்க வேண்டும் என்று மூன்று பேருக்கும் துடிப்புத்தான். என்ன உறவு என்று சொல்லிப் போய் நிற்பது? "போனா ஒருதரம் போகலாம், ரெண்டாந்தரம் போனா கேப்பாங்க. அந்த ஒருதரத்தை எப்பப் போறதுன்னு பார்த்துக்கிடுவோம்" என்று சங்கரபாண்டி தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கடற்கரை தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். பட்டியின் சட்டத்தை மீறி அங்கே வந்து நிற்கிறார் என்றால் என்ன செய்தி என்று கேட்கவே வேண்டியதில்லை.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். ஒரு ரோஜா மாலை. இரண்டு நாளாக மழை. ஜன்னலுக்கு வெளியே கரிசல் கறுத்து ஊறிக் கிடந்தது. சங்கரபாண்டி முன் சீட்டில் இருந்த இரண்டு பேரின் காதுக்கு நடுவே குனிந்து, வரும் வழியெல்லாம் ஓதிக்கொண்டே வந்தார்.

"தீப்பெட்டி ஆபீஸ் ஆளுக, குச்சி மரம் வாங்கின வகையில பழக்கம். அதுக்கு மேல கேட்டா தெரியாது. மாலையைப் போடுதோம், வெளிய வந்து ஆம்பளைகளுக்குக் கை குடுக்குதோம், பெஞ்சில உக்காருதோம். கண்ணு கலங்குச்சுன்னா மூக்கைச் சிந்துத மாதிரி துடைச்சிக்கிடணும். ஏலே சீனி, விளங்குதா? ஆம்பளையாப் போறோம், ஆம்பளையா வாரோம்."

சீனி தலையை மட்டும் ஆட்டினான்.

அந்தப் பக்கத்தில் சாவு விழுந்த கேத வீட்டில் யாருக்கு எங்கே இடம் என்பதில் சந்தேகமே கிடையாது. ஆண்கள் வெளியே பந்தலுக்கடியில் பெஞ்சில் இருப்பார்கள். வருகிறவர்களுக்குக் கையை நீட்டுவார்கள், தொட்டுவிட்டு உட்கார வேண்டியதுதான். பெண்கள் உள்ளே, பிரேதத்தைச் சுற்றித் தரையில் வட்டமாக இருப்பார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு, தலையோடு தலை முட்டி, முன்னும் பின்னும் அசைந்து பாட்டெடுத்து அழுவார்கள். வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் வட்டம் தானாக ஒரு பிளவு விடும், அவள் உட்கார்ந்ததும் மூடிக்கொள்ளும். பிறந்ததிலிருந்து எல்லாரும் பார்க்கிறதுதான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மாவின் மடியில் அந்த வட்டத்துக்குள் இருந்ததும், ஏழெட்டு வயதானதும் ஒரு மாமா வந்து, "ஆம்பளைப் பயலுக்கு இங்கன என்னலே வேலை?" என்று கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனதும் சங்கரபாண்டிக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

முதலில் கடற்கரை போனார். முகத்தைப் பார்க்காமல் ஒரு கும்பிடு போட்டுவிட்டு விறுவிறுவென்று பெஞ்சுக்கு வந்துவிட்டார். சீனி உதட்டைக் கடித்துக்கொண்டு போனான், கடித்துக்கொண்டே திரும்பினான். நல்லபடியாக முடிந்தது. கடைசியாக மாலையோடு சங்கரபாண்டி போனார். நிமிர்ந்துதான் போனார். மாலையைப் போட்டார். கால்மாட்டில் குனிந்து தொட்டுக் கும்பிட்டார். அப்போதுதான் அதைப் பார்த்தார்.

வெள்ளைத் துணியால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இடது கால் சுண்டுவிரல் நகத்தில் பாதி மட்டும் சிவப்பாக இருந்தது. ஆடி மாதம் கடைசியாகப் பட்டிக்கு வந்தபோது பூவனலிங்கம் மருதாணி கேட்டார். கையில் வைத்தால் பார்ப்பார்கள், காலில் வைத்தாலும் பார்ப்பார்கள். "சுண்டுவிரல்ல ஒண்ணே ஒண்ணு வையி. செருப்புக்குள்ள யாரு பார்க்கப் போறா?" என்று காலை நீட்டினார். அரைத்து வைத்துவிட்டது சங்கரபாண்டிதான். நகம் வளர்ந்து வளர்ந்து பாதி போய், மிச்சப் பாதி இன்னும் அங்கேயே இருந்தது. குளிப்பாட்டின அத்தனை பேரும் அதைச் சேற்றுக் கறை என்று நினைத்துத் தேய்த்திருப்பார்கள்.

அவர் எழுந்து வெளியே பெஞ்சுக்குப் போயிருக்க வேண்டும். அப்படித்தான் நினைத்தார். அந்த நேரம் பார்த்து யாரோ ஒருத்தி தண்ணீர் குடிக்க எழுந்தாள், வட்டத்தில் ஒரு பிளவு விட்டது. சங்கரபாண்டி அந்தப் பிளவுக்குள் போனார். உட்கார்ந்துவிட்டார். வலது கை பூவனலிங்கத்தின் பெண்டாட்டி பாலம்மாள் தோளிலும் இடது கை யாரோ ஒரு கிழவியின் தோளிலும் தானாகப் போய் விழுந்தன. நாற்பது வருஷம் தொண்டைக்குக் கீழே அழுத்தி வைத்திருந்த குரல் உடைந்துகொண்டு கிளம்பியது.

"ஏட்டி வனிதா... பட்டியில ஒன் பாய் விரிச்ச மேனிக்குக் கிடக்குட்டி... நாங்க யாருகிட்டப் பேசுவோம்... ஏட்டி, என்னைப் பெத்தவளே..."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதலில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அழுகை அப்படிச் சேர்ந்துகொண்டது. இரண்டு மூன்று பெண்கள் கண்ணை மூடியபடியே அந்த இழுப்புக்குத் தாங்களும் இழுத்தார்கள். பிறகு ஒருத்தி கண்ணைத் திறந்து பார்த்து நிறுத்தினாள். பக்கத்துக்காரி நிறுத்தினாள். ஒவ்வொரு குரலாக அணைந்து, கடைசியில் அந்த வீட்டில் ஒரு மீசைக்காரரின் ஒப்பாரி மட்டும் தனியாகக் கேட்டது. வெளியே கொட்டுச் சத்தமும் நின்றது. ஆண்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பாலம்மாளும் தலையைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்தாள். தன் தோளில் கிடந்த அவர் கையைத் தள்ளவில்லை. அது ஏன் என்று சங்கரபாண்டிக்கு இன்றைக்கும் தெரியாது. பூவனலிங்கத்தின் பெரியப்பா முறை ஆள் ஒருவர்தான் வந்து அவர் புஜத்தைப் பிடித்துத் தூக்கினார்.

"யாருவே நீரு? எந்திரிவே. வெளிய வாரும்."

திரும்பி வருகிற பஸ்ஸில் மூன்று பேரும் மூன்று சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். இறங்கும்போது சீனி மட்டும் கிட்டே வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான். "போலே" என்றார் சங்கரபாண்டி. அவனை இரண்டு மாதம் வெளியே நிறுத்தியது அவர் நினைவுக்கு வந்திருக்கும். அவனும் அதைச் சொல்லிக் காட்டவில்லை, நல்ல பிள்ளை.

கேத வீட்டுச் செய்தி பஸ்ஸுக்கு முந்தி ஊர் வந்து சேரும். அந்த வட்டத்தில் இருந்த ஒருத்திக்கு வெயிலம்மாள் சித்தி முறை. எட்டாம் நாள் சாயங்காலம் வெயிலம்மாள் வந்து வாசற்படிக்கு வெளியேயே நின்றார். எப்போதும் உள்ளே வந்து உட்காருகிறவர்.

"அண்ணாச்சி, நான் ஒண்ணும் கேக்கலை. நீங்களும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். வீட்டைக் காலி பண்ணிக்குடுத்துருங்க."

"நான் உங்களுக்கு என்னம்மா தப்பு செஞ்சேன்? ஏழு வருசமா ஒரு சத்தம் உண்டா, ஒரு சண்டை உண்டா?"

"இல்ல. யாரு இல்லைன்னா? உங்களை மாதிரி ஒரு ஆளு கிடைக்குமா?" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எம் பொண்ணு ஒருத்தி கல்யாணத்துக்கு நிக்கா. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் பக்கத்து வீட்ல யாருன்னு கேட்டா நான் என்னன்னு சொல்லட்டும்? ஆட்டு யாவாரம்னு நம்புனேனே அண்ணாச்சி. ஏழு வருசமும் இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் படுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டுதானே இருந்தேன். அத்தனையும் பொய்யா?"

அத்தனையும் பொய்யில்லை, அந்த வீட்டுக்குள் பேசினது மட்டும்தான் பொய்யில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது? சங்கரபாண்டி தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணாந்தேதி போயிருதேம்மா" என்றார். பிறகு பதினேழு வீடு பார்த்தார். வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடித்த இடத்திலும் மறுநாள் போனால், சொந்தக்காரர் குடிவருகிறார் என்றார்கள். கடற்கரை தன் பங்குக்கு இரண்டு ஊரில் விசாரித்துவிட்டு, "கொஞ்ச நாளைக்கு நாம பார்த்துக்கிடாம இருக்கதுதான் நல்லது அண்ணாச்சி" என்றார். ஏட்டி போய் அண்ணாச்சி வந்துவிட்டது.

ஒண்ணாந்தேதி அண்ணன் தங்கப்பாண்டியனே டிராக்டர் கொண்டுவந்து சாமானை ஏற்றினார். அவர் காதுக்கும் விஷயம் போயிருந்தது. திட்டவில்லை, அடிக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. டிரங்குப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டுத் தம்பியின் தோளில் கைபோட்டு, "ஊர்ல ஆயிரம் பேசுவான். நம்ம வீட்டுக்குள்ள வந்துட்டா எவன் என்ன சொல்லிருவான்? அங்கன ஒனக்கு ஒரு குறையும் வராது. வேலைக்கும் போக வேண்டாம். வீட்டோட இரு" என்றார். அது பாசம்தான். சங்கரபாண்டிக்கும் அது தெரியும். தெரிந்ததனால்தான் டிராக்டரில் ஏறி உட்கார்ந்தார்.

இப்போது அவர் ஓட்டப்பிடாரத்துக்கு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அண்ணன் காட்டில் உளுந்துக்கும் மிளகாய்க்கும் களை பார்க்கிறார். விரல் நகத்திலிருந்த மருந்துச் சிவப்பு போய் வெளுத்துவிட்டது. மாடி அறையைக் கொடுத்தார்கள். ஆனாலும் தனியாகப் படுக்க வேண்டாம் என்று அண்ணன் சொன்னதனால் கீழே கூடத்தில், பிள்ளைகளோடு படுக்கிறார். அந்த வீட்டில் எந்தக் கதவையும் பகலில் சாத்துவதில்லை. சந்தையில் கடற்கரையை ஒருநாள் நேருக்கு நேர் பார்த்தார். "சௌக்கியமா அண்ணாச்சி?" "சௌக்கியம். ஆடு எப்படிப் போகுது?" "போகுது." கூட அண்ணன் நின்றதால் அதோடு சரி. சீனி மணியாச்சியில் இருக்கிறானா, வேறெங்கும் போய்விட்டானா, தெரியாது. பட்டிப் பேச்சில் ஒரு வார்த்தை சொல்லி ஒன்றரை வருஷம் ஆயிற்று. சொன்னால் புரிந்துகொள்ள ஆள் வேண்டுமே.

அண்ணன் பெண்டாட்டி சந்தனமாரி நல்ல மனுஷி. கொழுந்தனுக்கு என்ன பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்துச் சமைப்பாள். போன வாரம் களை வெட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தவரிடம், சோற்றைப் போட்டுக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

"கொழுந்தனாரே, சொன்னாக் கோவிச்சுக்கிடக் கூடாது. கொஞ்ச நாளா மத்தியானம் தூங்கையில என்னமோ பேசுதிய."

சங்கரபாண்டியின் கை சோற்றில் நின்றது. "என்ன பேசுதேன் மைனி?"

"யாருக்குத் தெரியும்? தமிழ் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. பட்டிங்கிய, மருந்துங்கிய. யாரையோ ஏட்டி ஏட்டின்னு கூப்பிடுதிய. ஆனா நல்லாச் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுதிய. முழிச்சிருக்கையில ஒருநாளாவது இப்படிச் சிரிச்சிருக்கியளா? கேக்க எனக்கே ஆசையா இருந்துச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க அண்ணனும் கேட்டாவ. அவிய மூஞ்சிதான் ஒரு மாதிரி ஆயிட்டு."

அவர் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார். கறி நல்லா இருந்ததா என்று கேட்டதற்கு நல்லா இருந்தது என்றார்.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம் கறிச்சோறு ஆயிற்று. அண்ணன் ஈஸி சேரில் சாய்ந்து பேப்பரை விரித்தார். சங்கரபாண்டி கூடத்து மூலையில் பாயைப் போட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலு விரல் அகலத்துக்கு நீளமாக மடித்தார். தாடைக்கு அடியில் கொடுத்து, கன்னம் இரண்டையும் அணைத்து மேலே கொண்டுபோய், பல்லோடு பல் பொருந்தும்படி இழுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார்.

செம்பில் தண்ணீர் கொண்டுவந்த சந்தனமாரி பதறிப்போனாள். "ஐயையே, என்ன கொழுந்தனாரே இது! உசுரோட இருக்கிற மனுசன் செத்தவங்களுக்குக் கட்டுத நாடிக்கட்டைக் கட்டலாமா? அவுருங்க."

"பல்லு வலி மைனி" என்றார், வாய் திறக்காமல்.

பிறகு சுவரைப் பார்த்துப் புரண்டு படுத்து, கையை உச்சிக்குக் கொண்டுபோய் முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.